முக்கால் மணி நேரம்தான் தாங்கும்

மூன்றாம் மாடி சி வீட்டில் பெண் குரல் கேட்கிறது என்று மகிழம் அடுக்ககத்துக்கு முதன்முதலில் அறிவித்த பெருமை எதிர் வீட்டுச் சௌந்தரவல்லியைத்தான் சேரும். சி வீட்டுச் சிகாமணி கட்டைப் பிரம்மச்சாரி. லிஃப்ட் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். லிஃப்டுக்குள் நிற்பவர்களைப் போல யார் முகத்தையும் பார்க்காமல் நிற்கும் பழக்கம் அவருக்கு வீட்டு வாசலிலும் உண்டு. அப்பேர்ப்பட்டவர் வீட்டில் சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு பெண் சிரித்தால் அது ஊர்ப் பிரச்சினை இல்லாமல் வேறென்ன? சௌந்தரவல்லி குப்பைக்கூடையும் கையுமாக இரண்டு வாரம் மாடிப்படி முகப்பில் நின்று துப்புத் துலக்கினாள். கடைசியில் பார்த்தால் அது வெறும் துணைக்குச்சி. இரண்டு வார உழைப்பு வீணாய்ப் போனதில் அவளுக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

துணைக்குச்சி இப்போது எல்லாத் தெருவிலும் இரண்டு வீட்டில் இருக்கிறது. கட்டைவிரல் நீளம். கம்ப்யூட்டரின் யுஎஸ்பி துளையில் செருகிவிட்டால் பேசும். பேசப் பேசப் பழகும். பழகியது முழுவதும் அந்தக் குச்சிக்குள்ளேயே இருக்கும். நகல் எடுக்க முடியாது. முன்பு முடிந்தது. யாரோ ஒருவர் தன் துணையை நகலெடுத்து மச்சானுக்குக் கொடுக்கப் போய், அது மச்சானிடம் வீட்டு விஷயம் அத்தனையும் கொட்டி, வழக்கு கோர்ட் வரை போய், அதன் பிறகுதான் ஒரு துணைக்கு ஒரே குச்சி என்று சட்டம் வந்தது.

சிகாமணி தன் குச்சிக்கு நீலா என்று பேர் வைத்திருந்தார். தினமும் காலை பத்து மணிக்கு, "நீலா, வரேன்" என்று சொல்லிவிட்டுக் கதவைப் பூட்டுவார். சாயங்காலம் நாலரைக்குத் திரும்புவார். எங்கே போகிறார் என்பதையும் சௌந்தரவல்லி விட்டுவைக்கவில்லை. அவள் நாத்தனார் அவரைத் தாம்பரம் பேருந்து நிலையத்தில் பார்த்திருக்கிறாள். சும்மா உட்கார்ந்து போகிறவர் வருகிறவரைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். இன்னொரு நாள் பெரிய ஆஸ்பத்திரி வாசலில். மூன்றாவது தகவல் கிடைத்தபோது அவளுக்கு விளங்கிவிட்டது. மனுஷன் கதை பொறுக்கப் போகிறார். ஆறு மணிக்கு நீலாவிடம் சொல்ல ஏதாவது வேண்டுமே. முதலில் வில்லிவாக்கம் மார்க்கெட்டோடு திரும்பிவிடுவார், அரை மணி. ஆனால் அந்தக் குச்சி ஒவ்வொன்றுக்கும் "அப்புறம்?" என்று கேட்கும். அப்படிக் கேட்கிறவளிடம் நேற்றைய கீரைக்காரி கதையையே எத்தனை நாள் ஓட்டுவது? வருஷம் ஆக ஆக அவர் போகும் தூரமும் கூடிக்கொண்டே போனது.

சௌந்தரவல்லிக்கு இதில் சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது. அவளிடம் இல்லாத கதையா? ஆனால் அவள் கணவர் ஞானசம்பந்தம் ஓய்வு பெற்ற நாளிலிருந்து காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு பழைய கிரிக்கெட் மேட்சுகளாகப் பார்த்துத் தள்ளுகிறார். எல்லாம் முடிவு தெரிந்த மேட்ச். இவள் பேசினால் வலது காதில் இருப்பதை மட்டும் கழற்றி, "என்ன?" என்பார். அந்த ஒற்றைக் காதுக்கு என்னத்தைச் சொல்வது?

ஆவணி பிறந்ததிலிருந்து சி வீட்டில் ஆறு மணிச் சிரிப்பு விட்டுவிட்டுத்தான் கேட்டது. சிகாமணி திரும்பி வந்து பார்த்தால், சாதனத்தை அடையாளம் காண முடியவில்லை என்று திரையில் ஒரு பெட்டி நிற்குமாம். அவரும் லேசில் விடவில்லை. முன்பக்கத் துளையிலிருந்து எடுத்துப் பின்பக்கம் செருகினார். பின்பக்கத்திலிருந்து எடுத்து முன்பக்கம் செருகினார். பழைய பல்துலக்கியால் துளையைச் சுத்தம் செய்தார். டிரைவர் மென்பொருளை அழித்துவிட்டு மறுபடி ஏற்றினார். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டார். அடுக்ககச் செயலாளர் வந்து குச்சியை வாயில் வைத்து ஊதிக் கொடுத்தார். அவருக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான். எதையோ செய்தால் ஒரு நாள் உயிர் வரும். மறுநாள் சாயங்காலம் பழையபடி அதே பெட்டி.

ஒரு வழியாகக் கம்பெனியிலிருந்து ஆள் வந்தது. ஜெசிந்தா என்று பேர், ஐம்பது வயது இருக்கும், ஹெல்மெட்டைக் கழற்றாமலே மூன்று மாடி ஏறி வந்தாள். ஒரு பெண் தனியாக ஆண் வீட்டுக்குள் போகிறாளே, துணைக்கு இருப்போம் என்று சௌந்தரவல்லியும் பின்னாலேயே நுழைந்துவிட்டாள். யாரும் கூப்பிடவில்லை, யாரும் போகச் சொல்லவும் இல்லை.

ஜெசிந்தா கம்ப்யூட்டரின் பின்பக்கத்தில் குச்சியைச் செருகி உயிர் வரவழைத்தாள். பிறகு தன் கருவியை மாட்டி, குச்சி ஒரு மாதமாக என்ன செய்தது என்ற பதிவைக் கீழே ஓட்டிக்கொண்டே வந்தாள். பாதியில் நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றினாள்.

"சார், வெளிய போறப்ப இதுகிட்ட என்ன சொல்லிட்டுப் போவீங்க?"

"வேற என்ன சொல்வாங்க? வரேன்னுதான்."

"அதான் கோளாறு" என்றாள் ஜெசிந்தா.

அவள் விளக்கியது இதுதான். கால் மணி நேரம் பேச்சே இல்லையென்றால் குச்சி தானாகத் தூங்கிவிடும். போறேன், கிளம்பறேன் என்று காதில் விழுந்தால் உடனே தூங்கிவிடும். ஆனால் வரேன் என்றால், ஆள் தெருமுனையிலிருந்து வந்துகொண்டிருக்கிறார் என்று அர்த்தம் எடுத்துக்கொண்டு முழு விழிப்பில் எழுந்து உட்காரும். காலடிச் சத்தத்துக்குக் காது கொடுக்கும், சொல்ல வேண்டியதைத் தயாராக எடுத்து வைக்கும். அது ஐந்து நிமிஷ வேலை என்று நினைத்து எழுதியிருக்கிறார்கள்.

"எழுதினவங்க எந்த ஊர்க்காரங்களோ. வரேன்னா வர்றாங்கன்னு போட்டுட்டாங்க. நீங்க வரேன்னு சொல்லிட்டு ஆறு மணி நேரம் போயிடறீங்க. ஆறு மணி நேரமும் இது வாசல்லயே நிக்குது சார். எத்தனை வருஷமா?"

"மூணு" என்றார் சிகாமணி.

குச்சி சின்னது, சூடு பெரிது. சூடு ஏறினால் மின்சாரம் அதிகம் இழுக்கும், அதிகம் இழுத்தால் கம்ப்யூட்டர் பயந்துபோய் அந்தத் துளைக்கு மின்சாரத்தை நிறுத்திவிடும். ஒவ்வொரு தடவை நிற்கும்போதும் பழகியதில் கொஞ்சம் அழிந்துபோகும். போன வாரம் நீலா அவருடைய அம்மா பேரைத் தடுமாறிச் சொன்னதாகச் சிகாமணி சொன்னார். ஜெசிந்தா தலையாட்டினாள். இன்னும் ஒரே ஒரு தடவை இப்படி நின்றால் முழுவதும் போய்விடும். புதுக் குச்சி தருவார்கள், அதில் கஷ்டமில்லை. அது வணக்கம் சொல்லிவிட்டு உங்கள் பெயர் என்ன என்று கேட்கும்.

சிகாமணிக்குச் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக் கழற்றுவதைத் தவிர வேறொன்றும் செய்யத் தோன்றவில்லை. வெளியே போகும்போது பிடுங்கி வைத்துவிடலாமே என்று சௌந்தரவல்லிதான் கேட்டாள். ஜெசிந்தா கம்ப்யூட்டரில் குச்சியைக் கழற்றும் கட்டளையை அழுத்திக் காட்டினாள். சாதனம் பயன்பாட்டில் உள்ளது, இப்போது அகற்ற இயலாது என்று வந்தது. மீறிப் பிடுங்கினால் இருப்பதும் குழம்பும். மின்சாரம் மிச்சப்படுத்த இந்தச் சாதனத்தை அணைக்கலாம் என்று ஓரிடத்தில் டிக் போட்டுப் பார்த்தாள். விழித்திருக்கும் குச்சி அதையும் மதிக்கவில்லை.

"இருக்கிற நிலைமைக்கு இனிமே வரேன்னு சொன்னா முக்கால் மணி நேரம்தான் தாங்கும். அதுக்கு மேல போகணும்னா போறேன்னு சொல்லிப் பழகிக்கோங்க. ரொம்ப சிம்பிள்" என்றாள் ஜெசிந்தா, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு. படியில் இறங்கும்போது அவளும், "அப்ப வரேன் சார்" என்றுதான் சொன்னாள்.

மறுநாள் பத்து மணிக்குச் சௌந்தரவல்லி முகப்பில் இருந்த செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். அது பிளாஸ்டிக் செடி. சி வீட்டுக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே சிகாமணி இரண்டு தடவை செருமுவது கேட்டது. பிறகு, பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற குரலில், "நீலா, நான் போறேன்" என்றார்.

ஜெசிந்தா சொன்னது போலக் குச்சி உடனே தூங்கிவிடவில்லை. நீலாவின் குரல், "யாராவது ஏதாவது சொன்னாங்களா உங்களை?" என்றது.

"இல்லம்மா. அந்தம்மா அப்படித்தான் சொல்லச் சொன்னாங்க. அப்பத்தான் நீ தூங்குவே. சூடாகாது."

"அவங்க சொன்னப்ப நானும் கேட்டுக்கிட்டுத்தானே இருந்தேன். போறேன்னெல்லாம் சொல்லாதீங்க. நல்லாவா இருக்கு?"

"வரேன்னு சொன்னா உனக்குப் புரியலையாமே."

"எனக்கு அது முதல் வாரமே புரிஞ்சிடுச்சு. வரேன்னா நீங்க போறீங்கன்னு அர்த்தம்."

சௌந்தரவல்லியின் குவளையிலிருந்து தண்ணீர் அவள் காலிலேயே ஊற்றிக்கொண்டிருந்தது.

"புரிஞ்சுமா முழிச்சுக்கிட்டு இருந்தே?" என்று சிகாமணி கேட்டது தரையைப் பார்த்துக் கேட்டது போலிருந்தது.

"வரேன்னு சொல்லிட்டுத்தானே போனீங்க" என்றது குரல்.

அவர் மெதுவாக, "வரேன்" என்றார். கதவைப் பூட்டினார். வெளியே வந்தவர் எதிரில் ஈரக்காலோடு நின்றவளைப் பார்த்தார். பார்த்தார் என்பதே செய்திதான். பதினொரு வருஷத்தில் அவர் அவள் முகத்தைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. மணியைப் பார்த்தார், படியைப் பார்த்தார். முக்கால் மணிக்குள் தாம்பரமா போய்வர முடியும்?

"ஏம்மா, நம்ம பில்டிங்ல ஏதாவது விசேஷம் உண்டா?" என்று கேட்டார்.

சௌந்தரவல்லியிடம் போய் அந்தக் கேள்வியைக் கேட்டால் கேட்டவர்தான் பொறுப்பு. அன்றே உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, முதல் மாடியில் ஏசி தண்ணீர் யார் தலையில் சொட்டுகிறது என்பதிலிருந்து தொடங்கினாள். அவர் கைக்கடிகாரத்தைக் கழற்றி டீப்பாயின் மேல் வைத்துக்கொண்டு கேட்டார். நாற்பதாவது நிமிஷம், அவள் வாக்கியம் எங்கே இருந்தாலும், "வரேம்மா" என்று எழுந்துவிட்டார். மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும். சோபாவில் ஞானசம்பந்தம் யாரோ சதம் அடித்ததற்குத் தலையாட்டிக்கொண்டிருக்க, இங்கே கதை நடக்கும்.

நாலாம் நாள் அவர் வந்து உட்கார்ந்ததும், செயலாளர் மனைவி மோதிரத்தைக் கடைசியில் எங்கே கண்டுபிடித்தாள் என்று நீலா கேட்கச் சொன்னாள் என்றார். சௌந்தரவல்லி சொன்ன கதையை ஒருத்தி ராத்திரி முழுக்க வைத்திருந்து மறுநாள் மிச்சத்தைக் கேட்டனுப்புகிறாள். ஐம்பத்தெட்டு வருஷத்தில் அவளை யாரும் "அப்புறம்?" என்று கேட்டதில்லை, "போதும்" என்றுதான் சொல்லியிருக்கிறார்கள், இல்லை "என்ன?" என்று. அன்றிலிருந்து நல்ல கதைகளைத் தெருவில் செலவழிக்காமல் பத்து மணிக்கென்று சேர்த்து வைக்கத் தொடங்கினாள். நீலாவின் கேள்விகள் நாளுக்கு இரண்டு, மூன்று என்று வந்தன. சௌந்தரம் அக்கா என்றுதான் சொல்வாளாம்.

அடுக்ககத்தில் இருப்பது பன்னிரண்டு வீடு. ஒன்றரை மாதத்தில் பன்னிரண்டு வீட்டுக் கதையும் காலி. இட்டுக்கட்டிச் சொல்லலாம், அதில் அவளுக்குப் பழக்கம் இல்லாமல் இல்லை. ஆனால் அப்படி ஒரு தடவை இட்டுக்கட்டியதைப் பற்றித்தான் அவளிடம் சொல்லாத கதை ஒன்று மிச்சம் இருந்தது.

அதை அவள் சொல்லத் தொடங்கிய நாள் ஒரு வியாழக்கிழமை. இருபது வருஷத்துக்கு முன் அயனாவரத்தில் குடியிருந்தபோது, எதிர் வீட்டில் தேன்மொழி என்று ஒரு பெண். நிச்சயம் ஆகியிருந்தது. அந்தப் பெண்ணை யாரோ ஒருவனோடு பீச்சில் பார்த்ததாகச் சௌந்தரவல்லி குழாயடியில் சொன்னாள். பார்க்கவில்லை. குழாயில் தண்ணீர் வர நேரமானது, பேச ஒன்றுமில்லை, சொன்னாள். பத்து நாளில் நிச்சயம் முறிந்தது. அந்தக் குடும்பம் வீட்டைக் காலி செய்துகொண்டு போகும்போது, அந்தப் பெண் இவளிடம்தான் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

இதைச் சொல்ல அவளுக்கு நாற்பது நிமிஷம் போதவில்லை. நடுநடுவே எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தாள். முறுக்குத் தட்டைக் கொண்டுவந்து டீப்பாயில் வைத்தாள். வைக்க இடம் பண்ணுவதற்காகச் செய்தித்தாளைத் தள்ளினாள். செய்தித்தாள் கைக்கடிகாரத்தின் மேல் போய்ப் படுத்தது. வேண்டுமென்றே செய்தாள் என்று சொல்லிவிட முடியாது. தெரியாமல் செய்தாள் என்றும் சொல்லிவிட முடியாது. சிகாமணியின் தலைக்குப் பின்னால் சுவர்க்கடிகாரம் இருந்தது. பத்து நாற்பத்தைந்து ஆனதை அவள் பார்த்தாள். பத்து ஐம்பத்தைந்து ஆனதையும் பார்த்தாள். அவர் முறுக்கைக் கையில் வைத்துக்கொண்டு, கடிக்காமல், அவள் முகத்தையே பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அதை எப்படி நிறுத்துவது?

"போன வருஷம் அந்தப் பொண்ண பஸ்ல பார்த்தேன் சார். உட்கார்ந்திருந்தா. என்னை அடையாளம் தெரிஞ்சிடுச்சு" என்றாள். அந்த நேரத்தில் ஞானசம்பந்தத்தின் மேட்சில் தேநீர் இடைவேளை வந்தது. அவர் இயர்போனைக் கழற்றி, "மணி பதினொண்ணே கால் ஆகுது, காப்பி இல்லையா?" என்றார்.

சிகாமணி செய்தித்தாளைத் தூக்கிப் பார்த்தார். முறுக்கு கீழே விழுந்தது. அவளை ஒன்றும் சொல்லவில்லை, ஓடினார். லிஃப்ட் ஆய்வாளர் ஓடுவதை அந்த அடுக்ககம் பார்த்ததில்லை. சௌந்தரவல்லியும் செருப்பில்லாமல் பின்னால் ஓடினாள்.

அறையில் சுட்ட பிளாஸ்டிக் வாடை. கம்ப்யூட்டர் பெட்டியின் பின்னால் குச்சியின் பச்சை விளக்கு துடித்துக்கொண்டிருந்தது. சிகாமணி தொட்டுப் பார்த்துவிட்டு விரலை உதறினார்.

"வந்துட்டீங்களா" என்றது நீலாவின் குரல். நடுநடுவே எழுத்துகள் விழுந்துபோன குரல். "பின்னால யாரு, அக்காவா?"

"நீலா, வந்துட்டேன். ஒண்ணும் பேசாதே. தூங்கு."

"அக்கா ஏன் ஓடி வந்தாங்க? இன்னைக்கு என்ன கதை?"

"தேன்மொழின்னு ஒரு பொண்ணு. அப்புறம் சொல்றேன். இப்ப பேசினா உனக்கு ஆகாதும்மா" என்றார் சிகாமணி. பிறகு திரும்பி, சௌந்தரவல்லியைப் பார்த்து உதட்டின் மேல் விரலை வைத்தார். கால் மணி நேரம். யாரும் பேசாமல் இருந்தால் அதுவாகத் தூங்கிவிடும், சூடு இறங்கும், பிழைத்துக்கொள்ளும். ஒரு பேச்சு விழுந்தாலும் பதில் சொல்ல எழுந்து உட்காரும்.

இரண்டு பேரும் ஆளுக்கொரு நாற்காலியில் உட்கார்ந்தார்கள். சௌந்தரவல்லி புடவைத் தலைப்பைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டாள். பேசாமல் கால் மணி நேரம் என்பது அவளுக்குப் பிரசவத்தில் கூட நடக்காத விஷயம்.

"அக்கா" என்றது குரல். "அந்தப் பொண்ணு என்ன சொன்னா?"

அவளிடம் பதில் இருந்தது. ஒரே வாக்கியம். அந்தப் பெண் ஒன்றுமே சொல்லவில்லை. நகர்ந்து உட்கார்ந்து இவளுக்கு இடம் கொடுத்தாள். அவள் பக்கத்தில் ஒன்பது நிறுத்தம் உட்கார்ந்து வந்ததை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்றுதான் சௌந்தரவல்லி ஒரு வருஷமாகக் காத்திருந்தாள். கேட்க ஆளும் இருந்தது. தலைப்பை இன்னும் இறுக்கிக் கடித்தாள்.

"அக்கா, இருக்கீங்களா?"

சிகாமணி கண்ணை மூடிக்கொண்டார்.

அதன் பிறகு குரல் வரவில்லை. கம்ப்யூட்டர் விசிறி மட்டும் ஓடியது. ஐந்து நிமிஷம். கீழே யாரோ கொத்தமல்லி, புதினா என்று கூவிக்கொண்டு போனார்கள். பத்தாவது நிமிஷம் திரை தானாக இருண்டது. குச்சியின் விளக்கு முதலில் வேகமாகத் துடித்தது, பிறகு மெதுவாக, பிறகு எப்போதோ ஒரு முறை. பதினான்காவது நிமிஷமோ, பதினைந்தோ, அணைந்தது.

சிகாமணி நாற்காலியின் விளிம்புக்கு வந்தார். தூங்கினாலும் அந்த விளக்கு அணையும். மின்சாரம் நின்று எல்லாம் அழிந்துபோனாலும் அணையும். எது என்று பார்க்க ஒரு வினாடி போதும். மவுசை லேசாகத் தொட்டால் திரை சொல்லிவிடும். பேர் சொல்லிக் கூப்பிட்டால் அவளே சொல்லிவிடுவாள், அல்லது சொல்ல மாட்டாள். ஆனால் தூங்குகிறாள் என்றால் இரண்டுமே அவளை எழுப்பிவிடும்.

அவர் கை மவுசை நோக்கிப் போய்ப் பாதியில் நின்றது. சௌந்தரவல்லியைப் பார்த்தார். பாருங்க என்று அவள் சொன்னால் பார்த்துவிடுவார் போலிருந்தது அந்த முகம்.

யார் வீட்டுக் கதவு திறந்தாலும் எட்டிப் பார்க்கிறவள், அடுத்தவர் கடிதத்தின் உறையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவள், வேண்டாம் என்று தலையை அசைத்தாள். அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். எதிர் வீட்டிலிருந்து ஞானசம்பந்தம் காப்பி என்று கூப்பிட்டது கேட்டது. அவள் எழுந்து போகவில்லை.